பொன்னம்பலத்து ஆணிகளும் நரம்புத் திசுவின் கணக்கும்

சிதம்பரம் சிற்சபையின் கூரையைப் பற்றி இரண்டு எண்கள் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றன. வேய்ந்திருக்கும் பொன்னோடுகள் 21,600. அவற்றைப் பிணைத்திருக்கும் பொன்னாணிகள் 72,000. ஓடுகள் மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுகளைக் குறிக்கும் என்பார்கள். ஆணிகள் அவன் உடலில் ஓடும் நாடிகளைக் குறிக்கும் என்பார்கள். அம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் முதலாம் பராந்தகன் என்பது சோழர் செப்பேடுகள் தரும் செய்தி. எண்களுக்கான விளக்கம் எந்த நூற்றாண்டில் கூரையோடு சேர்ந்துகொண்டது என்பது வேறு ஆராய்ச்சி. இங்கே நம் கவலை அதைப் பற்றியதன்று. அண்மைக் காலத்தில் இந்த விளக்கத்தில் ஒரு சொல் ஓசையின்றி மாறியிருக்கிறது. '72,000 நாடிகள்' என்பது '72,000 நரம்புகள்' ஆகி, 'நரம்பு மண்டலத்தை நம் முன்னோர் அன்றே எண்ணி வைத்தார்கள்' என்ற பெருமிதமாகக் கைக்குக் கை பரவிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பெருமிதம் இரு தரப்புக்கும் நியாயம் செய்யவில்லை என்பது நம் எண்ணம். நாடிக் கணக்கைச் சொன்னவர்கள் என்ன சொன்னார்கள் என்பதும் இதில் மறைந்துபோகிறது. நரம்புத் திசுவைக் கண்ணால் காண மனிதர்கள் பட்ட பாடும் மறைந்துபோகிறது. இரண்டையும் தனித்தனியே பார்க்கலாம்.

நாடிகளின் எண்ணிக்கை 72,000 என்பது பிருகதாரண்யக உபநிடதத்திலேயே வருகிறது. அங்கே அவை இதயத்திலிருந்து புறப்படுகின்றன. ஆழ்ந்து உறங்கும் மனிதனின் உணர்வு எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடையாக அவை பேசப்படுகின்றன. பிரச்ன உபநிடதம் வேறொரு கணக்குச் சொல்கிறது: இதயத்தில் 101 நாடிகள், ஒவ்வொன்றுக்கும் நூறு கிளைகள், ஒவ்வொரு கிளைக்கும் 72,000 சிறுகிளைகள். பெருக்கிப் பார்த்தால் 72 கோடியே 72 லட்சம். பிற்கால யோக நூல்களில் நாடிகளின் மூலம் உந்திக்குக் கீழே உள்ள கந்தத்துக்கு இறங்கிவிடுகிறது. இந்த நூல்கள் எவையும் மூளையைத் திறந்து இழைகளை எண்ணியதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. மூச்சை அடக்கி அகத்தே நோக்கும் ஒருவனுக்கு உதவும் வரைபடம் அது. அதன் உண்மையைச் சோதிக்கும் இடம் பயிற்சி.

இந்த வரைபடத்தைக் கத்தியைக் கொண்டு சோதித்தவர் ஒருவர் உண்டு. ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதி 1850களில் கங்கையில் மிதந்துவந்த பிணம் ஒன்றைக் கரைக்கு இழுத்து, அறுத்துப் பார்த்தார். நூல்கள் சொன்ன சக்கரங்கள் எதையும் உடலில் காணவில்லை. கையிலிருந்த நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றில் எறிந்ததாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இதற்கு நேரெதிரான வழியில் போனவர் பம்பாய் மருத்துவர் வசந்த் ரேலே. 1927இல் வெளியிட்ட நூலில் அவர் குண்டலினியை வேகஸ் நரம்பு என்று அடையாளம் கண்டார். அந்நூலுக்கு முன்னுரை தந்த சர் ஜான் உட்ராஃப் தாந்திரிக நூல்களில் தோய்ந்தவர். அவரே இந்த அடையாளத்தை ஏற்கவில்லை. ஒருவர் கிழித்தெறிந்தார், ஒருவர் பொருத்தித் தைத்தார். வரைபடமும் திசுவும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று இருவரும் எதிர்பார்த்ததுதான் வியப்பு.

*

நாடி நரம்பானதற்கு நம் மொழியும் ஒரு காரணம். தமிழில் நரம்பு என்ற சொல்லின் பரப்பு மிகப் பெரியது. யாழில் கட்டிய தந்தி நரம்பு. அதில் பிறக்கும் சுரமும் நரம்பு. புறநானூற்று முதியவளின் வற்றிய தோளில் புடைத்துத் தெரிவதும் நரம்பு. தாவரவியல் பாடத்தில் இலைக்கும் நரம்பு உண்டு. இன்றும் கையில் சிரை வழியே ஏற்றும் மருந்தை 'நரம்பு ஊசி' என்கிறோம். காலில் சிரைகள் சுருண்டால் 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்கிறோம். இரத்தக் குழாய் வெடித்து இறந்தவரைப் பற்றி 'மூளை நரம்பு வெடித்தது' என்று செய்தி படிக்கிறோம். நீண்டு, மெலிந்து, முறுக்கேறி இருப்பது எதுவும் நமக்கு நரம்பே.

இது தமிழின் குறை என்று நாணவேண்டியதில்லை. கிரேக்க மொழியிலும் கதை இதுவே. நியூரான் என்ற சொல்லுக்கு அங்கே முதற்பொருள் தசைநாண். வில்லின் நாணும் யாழின் தந்தியும் அதே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹீரோஃபிலஸும் எராசிஸ்ட்ராட்டஸும் மனித உடல்களை அறுத்துப் பார்த்த பிறகுதான், தசைநாணிலிருந்தும் இரத்தக் குழாயிலிருந்தும் வேறுபட்டதாக, மூளையோடும் தண்டுவடத்தோடும் இணைந்த உணர்வு நரம்பு தனித்துப் பிரிந்தது. சொல் பழையதாகவே இருந்தது. பொருள் மட்டும் கத்திமுனையில் கூர்மை பெற்றது.

தமிழில் அந்தக் கூர்மையை உண்டாக்க முனைந்த பெரும் முயற்சி யாழ்ப்பாணத்தில் நடந்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணமும் சிதம்பரமும் ஒரே கல்வி உலகத்தின் இரு கரைகள். 1864இல் ஆறுமுக நாவலர் கடல் கடந்து வந்து சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதே 1864இல், நாவலரின் ஊருக்கு அருகே மானிப்பாயில், அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். கிறீனும் அவருடைய மாணவர்களும் ஆங்கில மருத்துவ நூல்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார்கள். கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் வந்தது. மண்டையோட்டிலிருந்து பாதம் வரை ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சொல் வேண்டும், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயத்தைத் தமிழ் அப்போதுதான் முழு அளவில் எதிர்கொண்டது. 'தமிழர்க்கான மருத்துவ ஊழியர்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் தம் கல்லறை வாசகம் அமையவேண்டும் என்று கிறீன் விரும்பினார்; அவ்வாறே அமைந்தது.

அந்த 1872 இன்னொரு வகையிலும் நினைவுகூரத்தக்கது. சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க வள்ளலார், வடலூரில் சத்திய ஞானசபையை வழிபாட்டுக்குத் திறந்தது அவ்வாண்டு தைப்பூசத்தில். அவருக்கும் நாவலருக்கும் எழுந்த பூசல் அதற்குள் 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போய் வந்திருந்தது. ஞானசபையில் கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெண்மை, கலப்பு என ஏழு திரைகள். ஒவ்வொன்றாக விலகினால் சோதி தெரியும். சிதம்பரத்தில் ஒரு திரைக்குப் பின்னால் வெட்டவெளி. வடலூரில் ஏழு திரைகளுக்குப் பின்னால் விளக்கு. மறைப்பதும் விலக்குவதுமாகவே இந்த மண் அறிவைக் கற்பனை செய்திருக்கிறது.

*

வடலூரில் திரை விலகிய மறு ஆண்டு, 1873இல், இத்தாலியின் அப்பியாத்தெகிராஸோ என்ற சிற்றூரில் வேறொரு திரை விலகியது. தீரா நோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றின் தலைமை மருத்துவர் கமில்லோ கோல்ஜி, ஓய்வு நேரத்தில், சமையலறையை ஆய்வுக்கூடமாக்கி மூளைத் துண்டுகளைப் பதப்படுத்திக்கொண்டிருந்தார். பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறிய திசுவை வெள்ளி நைட்ரேட்டில் இட்டபோது, மஞ்சள் பின்னணியில் சில செல்கள் மட்டும் கரிய மையால் எழுதியதுபோல் முழுமையாகத் தெரிந்தன.

இது ஏன் பெரிய செய்தி என்பதற்குத் திசுவின் இயல்பைச் சொல்லவேண்டும். உடலின் பிற திசுக்களில் செல்கள் செங்கற்கள்போல் எல்லை கட்டி நிற்கும். மூளையில் அப்படியில்லை. ஒரு செல்லின் உடல் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதிலிருந்து புறப்படும் ஆக்ஸான் தண்டுவடத்தின் அடிவரை ஒரு மீட்டருக்கு நெருங்கியும் நீளலாம். எல்லாச் செல்களின் கிளைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நெருங்கியிருக்கும். சாதாரணச் சாயம் தோய்த்தால் எல்லாம் சேர்ந்து மங்கிய வண்ணக் குழம்பாகிவிடும். கோல்ஜியின் சாயம் நூற்றில் ஒன்று அல்லது சிலவற்றையே பற்றும். பற்றியதைக் கடைசிக் கிளை வரை காட்டும். சில செல்களை மட்டும் அது ஏன் தேர்கிறது என்பது இன்றும் முழுமையாக விளங்கவில்லை. காட்டில் மற்ற மரங்களையெல்லாம் மறைத்து ஒரு மரத்தை மட்டும் வேரும் தளிருமாக நிறுத்திக் காட்டியதுபோன்ற உபாயம் அது.

உபாயத்தைக் கண்டவர் கண்ட காட்சியைத் தவறாகப் படித்தார் என்பதுதான் இந்த வரலாற்றின் நாடகம். எல்லா இழைகளும் ஒன்றோடொன்று கூடி உருகி ஒரே வலையாக இருக்கின்றன என்றார் கோல்ஜி. 1887இல் மத்ரீதில் இந்தச் சாயமிட்ட சில்லுகளைக் கண்டார் ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ ரமோன் இ காஹால். ஆக்ஸான்களைச் சுற்றியுள்ள மையலின் உறை சாயத்தைத் தடுக்கிறது என்பதால், உறை இன்னும் வளராத கருக்களையும் குஞ்சுகளையும் அவர் தேர்ந்தார். 1888இல் பறவைகளின் சிறுமூளையைப் பற்றி எழுதியபோது அவர் கண்டது வேறு: ஒவ்வொரு செல்லும் தனித்தது; கிளைகள் நெருங்குகின்றன, ஆனால் கலப்பதில்லை. 1891இல் வால்டையர் அந்தத் தனிச் செல்லுக்கு 'நியூரான்' என்று பெயரிட்டார். 1897இல் ஷெரிங்டன், செல்லும் செல்லும் நெருங்கும் இடத்துக்குச் 'சினாப்ஸ்' என்று பெயரிட்டார். 1906இல் நோபல் பரிசு கோல்ஜிக்கும் காஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒரே மேடையில் நின்று கோல்ஜி தம் உரையில் நியூரான் கொள்கையையே தாக்கினார். காஹால் சொன்ன இடைவெளியைக் கண்ணால் காண 1950களின் மின்னணு நுண்ணோக்கி வேண்டியிருந்தது. அகலம் ஏறத்தாழ 20 நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு.

வெட்டவெளியே இரகசியம் என்று சொல்லும் ஊரைப் பற்றி எழுதிக்கொண்டு, இந்த இடைவெளியைக் கண்டதும் கை நீட்டத் தோன்றுகிறது. அடக்கிக்கொள்கிறோம். சினாப்ஸின் இடைவெளியில் இருப்பது வெறும் வெளியன்று. அங்கே திரவம் உண்டு, இரு கரைகளையும் பிணைக்கும் புரதங்கள் உண்டு, ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடும் வேதிப்பொருள்கள் உண்டு. சிதம்பரத்து வெளி சொல்லும் பொருள் முற்றிலும் வேறு. உவமையாக வரலாம், சான்றாக வரலாகாது.

*

கோயிலிலிருந்து கிழக்கே வந்து ரயில் பாதையைக் கடந்தால் அண்ணாமலை நகர். 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி எழுந்தது. 2021இல் அது மாநில அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாறி, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. மருத்துவக் கல்லூரி எதுவாயினும் முதலாண்டு மாணவர்கள் ஒரு சடங்கைக் கடந்தாகவேண்டும்: நுண்ணோக்கியில் திசுவைப் பார்த்து, ஊதா நிறப் பென்சிலும் இளஞ்சிவப்புப் பென்சிலும் கொண்டு பதிவேட்டில் வரைவது. ஹீமடாக்சிலின் என்ற மரச்சாயம் செல்லின் உட்கருவை ஊதாவாக்கும். இயோசின் மற்றதைச் சிவப்பாக்கும். ஆக, பொன்னாணிகள் நாடியைச் சொல்லும் ஊரிலேயே, சற்றுத் தள்ளி, பென்சில் முனையும் நரம்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பதிவேட்டில் என்ன இருக்கும்? தண்டுவடத்தின் குறுக்குவெட்டில் வண்ணத்துப்பூச்சிச் சிறகுபோல் நடுவே சாம்பல் நிறப் பகுதி, சுற்றிலும் வெண்பகுதி. செல்லுடல்கள் குழுமிய இடம் சாம்பல். மையலின் போர்த்த ஆக்ஸான்கள் செல்லும் இடம் வெண்மை. பெருமூளையில் இந்த அமைப்பு தலைகீழ்: சாம்பல் புறத்தே, வெண்மை அகத்தே. புறணியின் பெரும்பகுதியில் ஆறு அடுக்குகள். அவற்றிடையே முக்கோண வடிவப் பிரமிடு செல்கள். சிறுமூளையின் புறணியில் மூன்றே அடுக்குகள்; நடுவில் ஒற்றை வரிசையாகப் புர்கின்யே செல்கள். 1837இல் செக் நாட்டுப் புர்கின்யே கண்டவை இவை. இவற்றின் டென்ட்ரைட்டுகள் பனையோலை விசிறிபோல் ஒரே தளத்தில் விரிந்திருக்கும். முன்னிருந்து பார்த்தால் பெருமரம். பக்கவாட்டில் பார்த்தால் மெல்லிய கோடு.

நியூரான்களுக்கிடையே இருக்கும் மற்ற செல்களின் கதையில்தான் பெயரின் வலிமை தெரிகிறது. ஜெர்மானிய மருத்துவர் விர்கோ 1856இல் அவற்றுக்கு 'நியூரோகிளியா' என்று பெயரிட்டார். கிளியா என்றால் கிரேக்கத்தில் பசை. நியூரான்களை ஒட்டி வைக்கும் சாந்து என்று ஒருமுறை சொல்லியாயிற்று. அதன்பின் பல தலைமுறை ஆய்வாளர்களின் கண்கள் சாந்தைத் தாண்டிச் சிலையை மட்டுமே தேடின. உண்மையில் அவை பல வகை, பல தொழில். விண்மீன் வடிவ ஆஸ்ட்ரோசைட்டுகள் இரத்தக் குழாயில் பாதம் ஊன்றி, சினாப்ஸைச் சுற்றி மிஞ்சும் வேதிப்பொருளை உறிஞ்சிச் சமன் செய்கின்றன. ஆலிகோடென்ட்ரோசைட் ஒன்றே பல ஆக்ஸான்களுக்கு மையலின் சுற்றுகிறது. அவ்வுறை சிதைந்தால் செய்தியின் வேகம் குன்றும். நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளுக்கு ஒரே செல் உறை சுற்றுவதும் உண்டு. மைக்ரோகிளியா மூளையின் காவலர்கள். நரம்புத் திசுவில் பிறக்காமல், கருப்பருவத்தில் வெளியிலிருந்து குடியேறுபவர்கள். மூளையின் உள்ளறைகளில் எபென்டைமா செல்கள் மயிரிழைகளை அசைத்து நீரை நகர்த்துகின்றன. மைக்ரோகிளியாவையும் ஆலிகோடென்ட்ரோகிளியாவையும் பிரித்துக் காட்டியவர் காஹாலின் சீடர் ரியோ ஒர்த்தேகா. ஆண்டுகள் 1919, 1921.

தமிழில் கலைச்சொல் ஆக்குவோர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. கிளியாவைப் 'பசை' என்று மொழிபெயர்த்தால் சொல் தமிழாகும். 1856இன் பிழையும் கூடவே தமிழாகும். தமிழ்நாட்டுப் பாடநூல் 'செல்', 'திசு' என்கிறது. ஈழத்துப் பாடநூல் 'கலம்', 'இழையம்' என்கிறது. இரண்டும் நல்ல வழக்குகளே. இரு கரைகளும் மீண்டும் பேசிக்கொண்டால் இன்னும் நன்று. தனித்தமிழா, ஒலிபெயர்ப்பா என்ற பழைய வழக்கை இங்கே எடுக்கவில்லை. பெயரிடுமுன் பொருள் என்ன செய்கிறது என்று பார்த்துவிடவேண்டும் என்பதே நாம் சொல்வது. அந்த அக்கறைதான் மானிப்பாயின் மரபு.

*

இனி எண்ணுக்கு வருவோம். நியூரான்கள் எத்தனை? பத்தாயிரம் கோடி என்றும், கிளியா அதைப்போல் பத்து மடங்கு என்றும் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. யார் எண்ணியது என்று தேடினால் ஒருவரும் இல்லை. 2009இல் பிரேசிலின் ஃபிரெடெரிகோ அசெவெடோ, சுசானா எர்க்குலானோ ஊசெல் குழுவினர் ஓர் எளிய வழியைக் கையாண்டார்கள். மூளைத் திசுவைக் கரைத்துக் குழம்பாக்கி, அதில் மிதக்கும் செல் உட்கருக்களைச் சாயமிட்டு எண்ணினார்கள். நியூரான்கள் ஏறத்தாழ 8,600 கோடி. மற்ற செல்களும் ஏறத்தாழ அதே அளவு. பத்து மடங்கு என்பது கதை. நியூரான்களில் 6,900 கோடி, எடையில் பத்தில் ஒரு பங்கேயான சிறுமூளையில் இருந்தன. சோதிக்காமல் எண்களைக் கைமாற்றும் பழக்கம் கோயில் கதைகளுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் குறித்துக்கொள்வோம். இன்று நம் அருகிலேயே, 2022இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம், மனித மூளையைச் செல் அளவில் சீவிப் படமெடுக்கிறது. கருவிலிருக்கும் மூளையின் 5,132 சீவல்களைக் கொண்ட 'தரணி' என்ற படத்தொகுப்பை 2024இல் உலகுக்குத் திறந்து வைத்தது.

இத்தனை கணக்கும் யாருக்காக? பக்கவாதம் வந்தவரை நினைத்துப் பார்ப்போம். கை விழுந்துவிட்டது, வாய் கோணுகிறது. வீட்டில் 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்கிறார்கள்; எண்ணெய் தேடுகிறார்கள், விடியட்டும் என்கிறார்கள். அடைபட்டது இரத்தக் குழாய். அதைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாகவேண்டும். பெரிய குழாய் அடைபட்டுச் சிகிச்சை இல்லாதபோது சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நியூரான்கள் அழிகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். நரம்புக்கும் குழாய்க்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் இந்த வேறுபாடு புரிய இன்னும் ஒரு கணம் கூடுதலாக ஆகிறது. அந்தக் கணத்துக்கு விலை உண்டு.

பொன்னோட்டுக் கணக்கின்படி மூச்சு ஒன்றுக்கு நான்கு விநாடி. சேவரின் கணக்கை அதனால் பிரித்தால், அடைபட்ட மூளையில் ஒரு மூச்சு விடும் நேரத்தில் ஒன்றேகால் லட்சம் நியூரான்கள் அழிகின்றன. ஓர் ஓட்டின் பொழுதுக்குள், கூரையில் உள்ள எல்லா ஆணிகளையும்விட அதிகம். கூரையின் எண்கள் மூச்சைக் கவனி என்கின்றன. திசுவின் எண்கள் பொழுதைக் கவனி என்கின்றன. ஒன்றை மற்றொன்றாக்காமல் இரண்டையும் கேட்கும் செவி நமக்கு வேண்டும்.